டெஸ்டிங்கில் டாப், ரேஸில் எங்கே? எஃப்1 சோதனை ஓட்டத்தில் எந்த எண்ணை நம்பலாம்?

2019 மார்ச் 1, ஸ்பெயினின் பார்சிலோனா. ஃபார்முலா 1 சீசன் தொடங்கும் முன் நடக்கும் டெஸ்டிங்கின் கடைசி நாள். ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டல் ஒரு லேப்பை 1 நிமிடம் 16.221 நொடியில் முடித்தார். மெர்சிடிஸின் லூயிஸ் ஹாமில்டன் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 16.224 நொடி. வித்தியாசம் வெறும் 0.003 நொடி.

'இந்த வருஷம் ஃபெராரிதான்' என்பதே அன்றைக்குப் பெரும்பாலோர் பேச்சு. ஃபெராரி அரை நொடி வரைகூட முன்னால் இருக்கலாம் என்று ஹாமில்டனே சொன்னார்.

சரியாக 16 நாள் கழித்து மெல்போர்னில் முதல் ரேஸ். ஜெயித்தது மெர்சிடிஸின் வால்டேரி போட்டாஸ். இரண்டாவது ஹாமில்டன். வெட்டல் நான்காவது, அதுவும் போட்டாஸுக்கு 57 நொடி பின்னால். அந்த சீசனின் முதல் 8 ரேஸ்களையும் மெர்சிடிஸே அள்ளிக்கொண்டு போனது. ஃபெராரியின் முதல் வெற்றிக்கு செப்டம்பர் 1, பெல்ஜியம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போ டெஸ்டிங்கில் வந்த நேரம் பொய்யா? இல்லை. வெட்டல் அந்த லேப்பை நிஜமாகவே அந்த நேரத்தில்தான் ஓட்டினார். அந்த எண்ணை வைத்து எல்லோரும் எழுதிய தீர்ப்புதான் தப்பு.

ஒவ்வொரு வருஷமும் இதே கதை திரும்ப நடக்கிறது. டெஸ்டிங் முடிந்ததும் 'முதலிடம் பிடித்தார்' என்று தலைப்பு வருகிறது, ஸ்க்ரீன்ஷாட் பறக்கிறது, வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை தொடங்குகிறது. முதல் ரேஸ் முடிந்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள்.

டெஸ்டிங்கில் வரும் எண்களில் ஒரு அணி நினைத்தால் மாற்றிக்காட்டக்கூடியவை சில, மறைக்கவே முடியாதவை சில. தலைப்புக்குப் போவது முதல் வகை. நம்ப வேண்டியது இரண்டாவது வகை.

டெஸ்டிங்கில் என்னதான் நடக்கிறது?

டெஸ்டிங் என்பது தேர்வு அல்ல, தேர்வுக்கு முந்தைய ஸ்டடி ஹாலிடே மாதிரி. இங்கே பாயிண்ட் கிடையாது, கோப்பை கிடையாது. புது கார் சரியாக ஓடுகிறதா, காற்றுச் சுரங்கத்திலும் கம்ப்யூட்டரிலும் கணக்கிட்டது டிராக்கில் அப்படியே வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

2025-ல் இதற்குக் கிடைத்தது பஹ்ரைனில் மூன்றே நாள். ஒரு அணிக்கு ஒரு கார்தான். அதை இரண்டு டிரைவர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 24 மணி நேரம். ஆளுக்கு சுமார் 12 மணி நேரம். அதற்குள் வருஷம் முழுக்க ஓட்டப்போகும் காரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த நெருக்கடி இல்லை. ஃபெராரி மாதிரி பணக்கார அணிகள் சொந்த டிராக்கிலேயே வருஷம் முழுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தன. செலவைக் குறைப்பதற்காக 2009-ல் சீசன் நடுவே டெஸ்டிங் செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. அதிலிருந்து சீசனுக்கு முந்தைய சில நாட்கள் பொன் போல ஆகிவிட்டன. 2014-ல் 12 நாள், 2019-ல் 8 நாள், 2025-ல் 3 நாள்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் ஒவ்வொரு அணியும் தனக்கென ஒரு வேலைப் பட்டியலோடு வருகிறது. ஒரு கார் பிரேக் சூட்டை அளந்துகொண்டிருக்கும். இன்னொன்று வலைக்கம்பி மாதிரி சென்சார் சட்டத்தை மாட்டிக்கொண்டு காற்றோட்டத்தைப் படிக்கும். வேறொன்று காரில் பச்சை பெயின்ட்டைப் பூசி, காற்று அதை எப்படி இழுக்கிறது என்று பார்க்கும். எல்லோரும் ஒரே டிராக்கில் ஓடுகிறார்கள், ஆனால் எழுதுவது வேறு வேறு பரீட்சை. அந்த மார்க்குகளை வரிசைப்படுத்தி ரேங்க் போடுவதுதான் நாம் செய்யும் தப்பு.

ஒரு லேப் டைமை மாற்றும் நான்கு விஷயங்கள்

முதலாவது, பெட்ரோல். 2010-லிருந்து ரேஸ் நடுவே எரிபொருள் நிரப்ப அனுமதி இல்லை. அதனால் தொடக்கத்திலேயே ரேஸ் முழுமைக்கும் நிரப்பிக்கொள்ள வேண்டும். 2025 வரையிலான கார்களில் அது 100 கிலோவுக்கும் மேல் போகும். எஃப்1 வட்டாரத்தில் பொதுவாகப் போடும் கணக்கு: 10 கிலோ எரிபொருள் கூடினால் ஒரு லேப்புக்கு சுமார் 0.3 நொடி கூடும். டிராக்குக்கு டிராக் இது கொஞ்சம் மாறும். அப்படியென்றால் டேங்க் நிறைய ஓடும் காருக்கும் கிட்டத்தட்ட காலியாக ஓடும் காருக்கும் நடுவே 3 நொடி வரை வித்தியாசம் வரலாம். அது கார் நல்லதா கெட்டதா என்பதோடு சம்பந்தமே இல்லாத 3 நொடி. எந்த கார் எத்தனை கிலோவோடு ஓடுகிறது என்று வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள்.

நடுத்தர அணிகளுக்கு இடையே உண்மையான வித்தியாசம் பல நேரங்களில் 0.1, 0.2 நொடிதான். 3 நொடி தவறு வரக்கூடிய தராசில் 0.1 நொடியை எடை போட முடியுமா?

இரண்டாவது, டயர். பைரெல்லி தரும் டயர்களில் சி1 கடினமானது, எண் ஏற ஏற மென்மையானது. மென்மையான டயர் ஓரிரு லேப்புக்கு வேகம் தரும், பிறகு சீக்கிரம் தேயும். ஒரு படி மாறினாலே நேரம் கணிசமாக மாறும். இதையாவது டயரின் பக்கத்தில் உள்ள கலரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதனால் டயரைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொல்லும் செய்தி பாதிச் செய்திதான்.

மூன்றாவது, என்ஜின். முழு சக்தியையும் திறந்துவிட்டு ஓட்டலாம், அல்லது அடக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம். டெஸ்டிங்கில் முழு சக்தியைக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

நான்காவது, மணி என்ன என்பது. பஹ்ரைனில் காலை 10 மணிக்குத் தொடங்கும் டெஸ்டிங் மாலை 7 மணி வரை போகும். மதிய வெயிலில் டிராக் கொதிக்கும், டயர் வழுக்கும். சாயங்காலம் சூடு தணிந்ததும் அதே கார் தானாகவே வேகமாகிவிடும். பாலைவனக் காற்று, மணல் வேறு. மதியம் ஓட்டியவரையும் மாலை ஓட்டியவரையும் ஒரே பட்டியலில் போட்டால் பாவம் மதியம் ஓட்டியவர்தான்.

ஆக, டாப் டைம் என்பது ஒரு அணி தான் விரும்பினால் உருவாக்கிக்கொள்ளக்கூடிய எண். விரும்பாவிட்டால் மறைத்துக்கொள்ளக்கூடிய எண்ணும்கூட.

மறைப்பது சரி, பொய்யாகக் காட்டுவது எதற்கு?

வேகத்தை மறைப்பதற்குக் காரணம் எளிது. போட்டியாளர் உங்கள் காரைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது, உஷாராகவும் கூடாது. ஆனால் இல்லாத வேகத்தை இருப்பதாகக் காட்டுபவர்களும் உண்டு. காரணம் பணம்.

நான்கு முறை உலக சாம்பியனான அலைன் புரோஸ்ட் தன் பெயரிலேயே ஒரு அணி நடத்தினார். 2001 சீசனுக்கு முந்தைய டெஸ்டிங்கில் அந்த அணியின் ழான் அலேசி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும் நேரங்களை எடுத்தார். சீசன் முடிந்தபோது அணிக்குக் கிடைத்திருந்தது மொத்தமே 4 பாயிண்ட். 2002 தொடக்கத்தில் அணியே இல்லை, கடனில் மூழ்கிவிட்டது.

டெஸ்டிங்கில் ரேஸ் வார இறுதியில் நடப்பது போல ஓடி முடித்த காரை எடை போட்டுத் தண்டிக்கும் நடைமுறை கிடையாது. எடையைக் குறைத்து, எரிபொருளைக் குறைத்து ஒரு லேப் பறந்துவிட்டால் மறுநாள் பேப்பரில் படம் வரும். ஸ்பான்சர் தேடும் அணிக்கு அந்தப் படமே போதும். அதனால்தான் சின்ன அணி ஒன்று டெஸ்டிங்கில் மேலே வந்தால் அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுகிறார்கள்.

ஆனால் சந்தேகமும் ஏமாற்றலாம். 2008 டிசம்பரில் ஹோண்டா எஃப்1-ஐ விட்டு விலகியது. அநாதையாக நின்ற அணியை ராஸ் பிரான் எடுத்து நடத்தினார். மெர்சிடிஸ் என்ஜின் பொருத்தப்பட்ட அந்த கார் டெஸ்டிங்குக்கு வந்ததே 2009 மார்ச்சில், முதல் ரேஸுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது. வந்த வேகத்தில் மற்ற அணிகளை மிரட்டியது. காரில் ஸ்பான்சர் ஸ்டிக்கர் பெரிதாக எதுவும் இல்லை. 'ஸ்பான்சர் பிடிக்க எடை குறைத்து ஓட்டுகிறார்கள்' என்ற சந்தேகம் அப்போதும் எழுந்தது.

நடந்தது என்ன? ஜென்சன் பட்டன் முதல் 7 ரேஸில் 6-ஐ வென்றார். டிரைவர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் பிரான் அணிக்கே.

புரோஸ்ட்டும் பிரானும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். பண நெருக்கடியில் இருக்கும் சின்ன அணி, திடீர் வேகம். டாப் டைமை மட்டும் வைத்து இவர்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. பிரான் கார் ஒரே ஒரு லேப்பில் மட்டும் வேகமாக இல்லை. தொடர்ந்து பல லேப் ஓடியபோதும் வேகமாக இருந்தது, பார்சிலோனாவிலும் ஜெரெஸிலும் வேகமாக இருந்தது. அதைக் கவனித்தவர்களுக்கு மெல்போர்ன் ஆச்சரியமாக இருந்திருக்காது.

லாங் ரன்: மறைக்கக் கஷ்டமான எண்

ஒரு கார் பிட்டுக்கு வராமல் 12, 15, 20 லேப் தொடர்ந்து ஓடுவதை லாங் ரன் என்பார்கள். இன்னும் ஒரு படி மேலே, டேங்க்கை நிரப்பிக்கொண்டு, நடுவே டயர் மாற்றி, ஒரு முழு ரேஸையே ஓட்டிப் பார்ப்பார்கள். அது ரேஸ் சிமுலேஷன்.

இதில் பார்க்க வேண்டியது வேகமான லேப் எது என்பதல்ல. முதல் லேப்புக்கும் கடைசி லேப்புக்கும் நடுவே நேரம் எப்படி ஏறுகிறது என்பதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. கார் ஒன்று முதல் லேப்பை 1 நிமிடம் 36.0 நொடியில் தொடங்குகிறது. டயர் தேயத் தேய நேரம் ஏறி 15-வது லேப்பில் 1 நிமிடம் 37.5 நொடி. இன்னொரு கார் 1 நிமிடம் 36.4 நொடியில் தொடங்கி 15-வது லேப்பில் 1 நிமிடம் 36.6 நொடியில் நிற்கிறது. டைம்ஷீட்டில் மேலே இருப்பது முதல் கார், 0.4 நொடி முன்னால். ஆனால் 15 லேப்பையும் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது கார்தான் முன்னால், அதுவும் கிட்டத்தட்ட 4 நொடி. பஹ்ரைன் ரேஸ் 57 லேப். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்குள்ளே இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. கார் ஓட ஓட எரிபொருள் தீர்ந்து எடை குறையும். ஒரு லேப்புக்குச் சுமார் 1.8 கிலோ என்று வைத்தால், டயர் தேயவே இல்லை என்றால் ஒவ்வொரு லேப்பும் 0.05 நொடி வேகமாக வேண்டும். அதனால் 15 லேப் ஒரே நேரத்தில் ஓடும் காரிலும் டயர் கொஞ்சம் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, எடைக் குறைவு அதை ஈடுகட்டுகிறது. அப்படி ஓடினாலே அது நல்ல கார்.

லாங் ரன்னில் ஏமாற்றவே முடியாதா என்றால், முடியும். கூடுதல் எரிபொருள் போட்டு மொத்த நேரத்தையும் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஆனால் டயர் தேயும் விதத்தை மறைப்பது கஷ்டம். டயரைத் தின்னும் கார் எவ்வளவு எரிபொருள் போட்டாலும் டயரைத் தின்னத்தான் செய்யும். 20 லேப் நடிப்பது ஒரு லேப் நடிப்பதைவிட ரொம்பக் கஷ்டம், டிராக்கில் கிடைக்கும் பொன்னான நேரமும் வீண்.

2025 டெஸ்டிங் இதற்கு நல்ல உதாரணம். மூன்று நாளும் சேர்த்து வேகமான லேப் வில்லியம்ஸின் கார்லோஸ் சாய்ன்ஸுடையது, 1 நிமிடம் 29.348 நொடி. தலைப்புகள் அவருக்கே போயின. ஆனால் அதே டெஸ்டிங்கில் லாண்டோ நோரிஸ் மெக்லாரனில் ஓட்டிய ரேஸ் சிமுலேஷனைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். அவ்வளவு நேரம் ஓடியும் அவருடைய நேரம் பெரிதாகக் கலையவில்லை.

மெல்போர்னில் போல் பொசிஷனும் வெற்றியும் நோரிஸுக்கு. அந்த சீசனில் மெக்லாரன் 14 ரேஸ் வென்று அணிப் பட்டத்தைத் தட்டியது, நோரிஸ் உலக சாம்பியன் ஆனார். சாய்ன்ஸின் முதல் ரேஸ் முதல் லேப்பிலேயே விபத்தில் முடிந்தது.

ஆனாலும் வில்லியம்ஸின் நேரம் வெறும் வேஷம் என்று தள்ளிவிடவும் முடியாது. முந்தைய ஆண்டு 9-வது இடத்தில் இருந்த அணி 2025-ல் 5-வது இடத்துக்கு வந்தது. கார் நிஜமாகவே முன்னேறியிருந்தது. டாப் டைம் அதை 'முதலிடம்' என்று மிகைப்படுத்தியது, அவ்வளவுதான்.

லேப் எண்ணிக்கை: மறைக்கவே முடியாத எண்

வேகத்தை மறைக்கலாம். டிராக் நடுவே புகையோடு நிற்கும் காரை மறைக்க முடியாது. கேரேஜ் ஷட்டர் மூடியே இருப்பதையும் மறைக்க முடியாது. அதனால் நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை, டெஸ்டிங்கில் வெளியே வரும் எண்களில் ரொம்ப நேர்மையானது ஒரு அணி மொத்தம் எத்தனை லேப் ஓடியது என்பதுதான்.

2014-ல் என்ஜின் விதிகள் முழுக்க மாறின. வி8 போய் ஹைபிரிட் வி6 டர்போ வந்தது. ஸ்பெயினின் ஜெரெஸில் முதல் டெஸ்டிங், நான்கு நாள். மெர்சிடிஸ் ஓடியது 309 லேப். அதற்கு முந்தைய நான்கு ஆண்டும் தொடர்ந்து சாம்பியனான ரெட் புல் ஓடியது 21 லேப். நான்கு நாளில் ஒரு ரேஸ் தூரத்தில் பாதிகூட இல்லை. ரெனோ என்ஜினும் அதைச் சுற்றிய குளிரூட்டும் அமைப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் கார் சூடாகிச் சூடாகி நின்றது.

டைம்ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அந்த சீசனின் கதை ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. 19 ரேஸில் 16-ஐ மெர்சிடிஸ் வென்றது.

2015-ல் இதுவே வேறு அணிக்கு நடந்தது. மெக்லாரனுக்காக ஹோண்டா திரும்பி வந்தது. டெஸ்டிங்கில் கார் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். 'ரேஸ் வந்தால் சரியாகிவிடும்' என்று நம்பியவர்கள் உண்டு. மெல்போர்னில் ஒரு மெக்லாரன் ரேஸ் தொடங்கும் இடத்துக்கே வந்து சேரவில்லை, வழியிலேயே நின்றுவிட்டது. இன்னொன்று ஓடி முடித்தவர்களில் கடைசி. சீசன் முடிவில் மெக்லாரன் 9-வது இடம்.

ஆனால் இந்த எண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு

309 லேப் ஓடிய மெர்சிடிஸின் ஹாமில்டன் 2014 மெல்போர்னில் போல் பொசிஷனிலிருந்து தொடங்கி, சில லேப்பிலேயே என்ஜின் கோளாறால் வெளியேறினார். 21 லேப் ஓடிய ரெட் புல்லின் டேனியல் ரிக்கியார்டோ அதே ரேஸை இரண்டாவதாக முடித்தார். பிறகு எரிபொருள் ஓட்ட விதியை மீறியதாக அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டது வேறு கதை. கார் ஓடி முடித்தது என்பதுதான் இங்கே விஷயம். அந்த ஆண்டு மெர்சிடிஸ் விட்டுவைத்த 3 ரேஸையும் வென்றது ரிக்கியார்டோதான்.

2022-ல் இன்னும் மோசம். பஹ்ரைன் டெஸ்டிங்கில் வேகமான நேரம் ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுடையது. அதே டிராக்கில் ஒரு வாரம் கழித்து ரேஸ். முடிய சில லேப் இருக்கும்போது இரண்டாவதாக வந்துகொண்டிருந்த வெர்ஸ்டாப்பனின் கார் படுத்தது. கடைசி லேப்பில் செர்ஜியோ பெரெஸின் காரும் அதே வழி. இரண்டிலும் என்ஜினுக்கு எரிபொருள் போய்ச் சேரவில்லை. ஃபெராரி முதல் இரண்டு இடத்தையும் எடுத்துக்கொண்டது. ரேஸின் கடைசி நிமிடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கும் நோய்கள் உண்டு, அதை டெஸ்டிங் எப்போதும் காட்டிவிடாது.

அதனால் லேப் எண்ணிக்கையை இப்படி வைத்துக்கொள்ளலாம். ரொம்பக் குறைவாக இருந்தால் அது நிச்சயமான கெட்ட செய்தி. நிறைய இருந்தால் அது நல்ல செய்தி, உத்தரவாதம் அல்ல.

டிராக்கிலேயே ஓடாதவர்களுக்கு என்ன ஆகும்?

இதெல்லாம் ரசிகர்களின் பொழுதுபோக்கு விவாதம் மட்டும்தானா? டெஸ்டிங்கின் மதிப்பு புரிய வேண்டுமென்றால் அது கிடைக்காதவர்களைப் பார்க்க வேண்டும். அதில் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் இருக்கிறது.

எஃப்1-ல் ஓட்டிய முதல் இந்தியர், கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டியவர், 2011-ல் ஸ்பெயினின் எச்ஆர்டி அணி மூலம் திரும்பி வந்தார். டெஸ்டிங்கில் அந்த அணி ஓட்டியது முந்தைய ஆண்டின் காரை. புது கார் நேரத்துக்குத் தயாராகவில்லை. டெஸ்டிங்கில் ஒரு லேப்கூட ஓடாத காரோடு அணி மெல்போர்னில் போய் இறங்கியது.

தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் வேகமானவர் எடுத்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட வேண்டும், இல்லையென்றால் ரேஸில் இடமில்லை. நரேன், அவருடைய சக டிரைவர் விட்டான்டோனியோ லியூஸி இருவருமே அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஆறு வருஷம் கழித்து நரேன் எஃப்1 ரேஸில் ஓடுவதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை அவரில்லாத ரேஸைத்தான் பார்த்தார்கள்.

2012-லும் அதே கதை. புது கார் மோதல் பாதுகாப்புச் சோதனையில் தேறத் தாமதமானதால் டெஸ்டிங்கைத் தவறவிட்டது. மெல்போர்னில் நரேன், பெட்ரோ டி லா ரோசா இருவரும் மறுபடி 107 சதவீதத்துக்கு வெளியே. அந்த ஆண்டோடு அணியே மூடப்பட்டது.

நரேன் நல்ல டிரைவரா என்று அந்த வார இறுதியை வைத்து யாராவது தீர்ப்பு சொன்னால் அது நியாயமில்லை. தன் காரை அவர் முதன்முதலாக அறிந்துகொண்டதே மற்றவர்கள் பரீட்சை எழுதும் இடத்தில். ஒரு லேப் எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு டிரைவரின் வாய்ப்பும், கேரேஜில் ராத்திரி பகலாக வேலை செய்யும் மெக்கானிக்குகளின் வேலையும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

2026: மறைக்க இன்னொரு இடம்

2026-ல் விதிகள் மறுபடி முழுசாக மாறின. காரின் சக்தியில் கிட்டத்தட்ட பாதி மின்சாரத்திலிருந்து, இறக்கைகள் ஓடும்போதே நிலை மாறும். மாற்றம் பெரிது என்பதால் டெஸ்டிங்கும் பார்சிலோனாவில் ஒன்று, பஹ்ரைனில் இரண்டு என்று கூட்டப்பட்டது. பார்சிலோனா டெஸ்டிங் ரசிகர்களுக்குத் திறக்கப்படவில்லை.

ரசிகர்களுக்கு இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. முன்பு அணிகள் மறைத்தது எரிபொருளை. இப்போது அதோடு பேட்டரியும் சேர்ந்துவிட்டது. ஒரு லேப்பில் மின்சக்தியை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்பதை மாற்றினாலே நேரம் மாறும். டாப் டைம் முன்பைவிடக் குறைவாக நம்பத்தக்கது, லேப் எண்ணிக்கை முன்பைவிட முக்கியம். 2014 சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்: என்ஜின் விதி மாறும் வருஷத்தில் முதலில் பார்க்க வேண்டியது கார் ஓடுகிறதா என்பதை.

அப்போ ரசிகர் என்ன பார்க்கலாம்?

அடுத்த முறை 'டெஸ்டிங்கில் முதலிடம்' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால் ஐந்து கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1. எந்த டயரில் எடுத்த நேரம்? மென்மையான டயர் என்றால் அப்போதே பாதி உற்சாகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

2. எந்த நேரத்தில்? மதிய வெயிலா, சாயங்காலமா?

3. அந்த கார் தொடர்ந்து 12 லேப்புக்கு மேல் ஓடியதா? ஓடியது என்றால் நேரம் எவ்வளவு ஏறியது?

4. அணி மொத்தம் எத்தனை லேப்? அதே என்ஜினை வைத்திருக்கும் மற்ற அணிகள் எத்தனை? ஒரே என்ஜின் வைத்த எல்லா அணியும் திணறினால் கோளாறு என்ஜினில். ஒன்று மட்டும் திணறினால் கோளாறு அந்த அணியில்.

5. கடைசி நாளில் கார் மாறியதா? 2019-ல் மெர்சிடிஸ் இரண்டாவது வாரம் கொண்டுவந்தது பெரிய அளவில் மாற்றிய காரை. முதல் வாரத்தை வைத்து எழுதியவர்கள் பழைய காரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் பதில் கிடைத்தாலும் ஒன்றிலிருந்து கடைசி இடம் வரை ரேங்க் போட வேண்டாம். முன்னணி, நடு, பின்னணி என்று மூன்று கூட்டமாகப் பிரித்தாலே போதும். டெஸ்டிங் அதற்கு மேல் துல்லியமான பதிலைத் தராது.

ஊடகங்களுக்கும் பொறுப்பு உண்டு

'ரசிகன் ஜாலியாகப் பார்க்கிறான், இதற்கு இவ்வளவு கணக்கா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெஸ்டிங் டைமை வைத்துச் சண்டை போடுவதும் ஒரு சுகம். அதை யாரும் பறிக்க வேண்டாம்.

ஆனால் செய்தி தருபவர்கள் வேறு. ஆங்கிலமோ தமிழோ, டெஸ்டிங் செய்திகளில் பெரும்பாலானவை ஒரு பெயரும் ஒரு நேரமும்தான். காரணமும் தெரிந்ததே. 'சாய்ன்ஸ் முதலிடம்' என்பது தலைப்புக்குள் அடங்குகிறது, 'நோரிஸின் லாங் ரன்னில் நேரம் கலையவில்லை' என்பது அடங்குவதில்லை. ஆனால் டயர் பெயரும் மொத்த லேப் எண்ணிக்கையும் சேர்க்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் வாசகர் ஏமாறுகிறார், அதோடு நல்ல வேலை செய்த அணியின் கதையும் காணாமல் போகிறது.

கிரிக்கெட்டில் பயிற்சி ஆட்டத்தில் ஒருவர் சதம் அடித்தால், எதிரே பந்து போட்டது யார் என்று கேட்காமல் யாரும் அவரை உலகக் கோப்பை நாயகன் ஆக்குவதில்லை. எஃப்1-க்கும் அதே கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும்.

2014 ஜனவரியில் ஜெரெஸிலிருந்து வந்த செய்திகளில் வேகமான லேப் யாருடையது என்று இன்றைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? 309, 21 என்ற இரண்டு எண்ணும் இன்னும் பேசப்படுகின்றன. அடுத்த டெஸ்டிங் முடிந்ததும் டைம்ஷீட்டைத் திறந்தால், நேரம் இருக்கும் கட்டத்தைத் தாண்டி, லேப் எண்ணிக்கை இருக்கும் கட்டத்தை முதலில் பாருங்கள்.